மாடி வீட்டுக் கொரிய நாடகம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மொத்தமே மூன்று வீடுகள். கீழே ஒன்று, நடுவில் எங்களுடையது, மேலே ஒன்று. கீழ் வீட்டுக்காரர்கள் திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தி. நகரில் அவர்களுக்குப் பாத்திரக் கடை இருந்தது. அந்த வீட்டு அம்மாள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் சாந்தோமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், காலை ஷிப்ட். பல வருடங்கள் ஒரே வாசலில் புழங்கியும், எங்களுக்குள் நடந்த பேச்சு எல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். "மோட்டார் போட்டாச்சா?" என்று நான் மாடிப்படியில் நின்று கேட்பேன். "போட்டாச்சு டீச்சர்" என்று அவர் உள்ளேயிருந்தே சொல்வார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலை வந்தபோது, கொரியாவிலிருந்து நிறைய இன்ஜினியர்கள் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார்கள். அப்படி வந்த ஒரு இளம் தம்பதி எங்கள் மேல் வீட்டைப் பிடித்தார்கள். அவர் விடிந்ததும் கம்பெனி வண்டியில் போய்விடுவார். இருட்டிய பிறகுதான் வருவார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். படியில் பார்த்தால் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் சொல்வாள். பதிலுக்கு எவ்வளவு குனிவது என்று தெரியாமல் நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒருநாள் மத்தியானம் நான் பள்ளியிலிருந்து வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். கீழ் வீட்டம்மாள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"டீச்சர், உங்களுக்குக் கேக்குதா? மேல் வீட்ல யாரோ அம்மா, அப்பான்னு அழுவுதா. அந்தப் பொண்ணுக்குத்தான் பிள்ளையே கிடையாதுல்லா?"

காதைக் கொடுத்துக் கேட்டேன். உண்மைதான். "அப்பா! அப்பா!" என்று ஒரு பெண் குரல், அடிவயிற்றிலிருந்து. இரண்டு பேரும் பதறிக்கொண்டு மேலே ஓடிக் கதவைத் தட்டினோம். அந்தப் பெண் திறந்தாள். கண், மூக்கு எல்லாம் சிவந்து கிடந்தது. அவளுக்குப் பின்னால் டிவியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கிழவர் கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு பெண் அவர்மேல் விழுந்து, சுத்தமான தமிழில், "அப்பா!" என்று கதறிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஸாரி சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்று பார்த்தேன். அதற்குள் கீழ் வீட்டம்மாள், "ஐயையோ, போய்ட்டாரா?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் ஒரு நிமிடம் திகைத்துப்போய்ப் பார்த்தாள். பிறகு எங்களுக்கு இரண்டு மெத்தைகளை எடுத்துப் போட்டாள். கிழவர் போய்விட்டார்தான். மூன்று பேரும் அழுதோம். பிறகு அவள் கேசட்டைப் பின்னால் ஓட்டி, கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததையும் காட்டினாள்.

அன்றிலிருந்து மத்தியானம் என்றால் மேல் வீடு என்றாகிவிட்டது. அவளுடைய அம்மா ஊரில் டிவியில் வருகிற நாடகங்களை ஒவ்வொரு வாரமும் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்து, தொழிற்சாலைக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். அந்தக் கேசட் எங்கள் டெக்குகளில் ஓடாது. அதனால் அவள் வீட்டில்தான் பார்க்க வேண்டும். கீழே எழுத்து கிடையாது, விளக்கிச் சொல்ல அவளுக்கு இங்கிலீஷும் போதாது. முகத்தையும் குரலையும் வைத்துக்கொண்டு கதையை நாங்களேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கும் கீழ் வீட்டம்மாளுக்கும் தினமும் தகராறு வரும். பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண், நீளக் கோட்டு போட்ட ஒரு பையன், பெரிய வீட்டில் காபிக் கோப்பையை டொக்கென்று வைக்கும் ஒரு அம்மாள். அந்த அம்மாள் பையனுடைய தாய் என்று நான் சொன்னால், "தாயி இப்பிடியா பாப்பா? இவ சித்தி. சொத்துக்கு அலையுதா" என்பார் அவர்.

பெரிய சண்டை வந்தது வேறு விஷயத்தில். பேக்கரிப் பெண் அந்தப் பையனை வாய்க்கு வாய் 'அப்பா' என்று கூப்பிடுவதாக எனக்குக் கேட்டது. அவனோ சின்ன வயசுக்காரன். சரி, எடுத்து வளர்த்தவனாக இருக்கும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் மழையில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு அவன் அவளைப் பார்த்த பார்வையில் என் கணக்கு கலைந்துபோனது.

"என்ன அநியாயம் இது! அப்பாங்கறா, இவன் இப்படிப் பாக்கறானே!" என்றேன்.

"அவன் அப்பன் இல்ல டீச்சர். எந்த அப்பன் மகளுக்குக் குடையப் பிடிச்சிட்டு இப்பிடி உருகுவான்?"

"பின்ன ஏன் அப்பாங்கறா? என் காது என்ன பொய்யா சொல்றது?"

"உங்க காதுல என்ன கோளாறோ, எனக்குத் தெரியாது. இது காதல்தான்."

அன்றைக்கு இருவரும் தனித்தனியாகப் படியிறங்கினோம். மறுநாள் மேல் வீட்டில் உட்கார்ந்ததும் நான் டிவியைக் காட்டி, அந்தப் பையன் யார், அப்பாவா என்று அவளிடமே கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் சோபாவில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். "நோ, நோ அப்பா. ஓப்பா" என்றாள். ஓப்பா என்றால்? யோசித்து, "பிக் பிரதர்" என்றாள்.

கீழ் வீட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! அண்ணனா? இதுக்கு உங்க அப்பாவே தேவலையே டீச்சர்!"

எங்கள் முகத்தைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். "மை ஹஸ்பெண்ட், ஆல்ஸோ ஓப்பா" என்றாள்.

கீழ் வீட்டம்மாள் போட்டோவைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு என் தோளில் பளாரென்று ஒரு தட்டுத் தட்டினார். "அட, அத்தான்னு சொல்லுதா டீச்சர்! எங்க வீட்டுக்காரரக் கட்டுததுக்கு முன்னாலயும் எனக்கு அத்தான்தான், கட்டுன பொறவும் அத்தான்தான். இதுல என்ன அதிசயம்!"

அந்தத் தட்டில் எனக்கு வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரை நான் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். எப்போது, எதற்கு என்றெல்லாம் யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணும் அக்காவைக் கூப்பிட ஒரு சொல் வைத்திருந்தாள். எங்கள் காதில் அது 'அண்ணி' என்றே விழுந்தது. "எங்க அத்தானுக்குக் கூடப்பிறந்த தம்பி தங்கச்சி யாருமில்ல. இவ எந்த உறவுல என்னைய அண்ணிங்கா?" என்று அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தார். பெண்கள் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அக்கா அண்ணியாகவே இருந்துவிட்டார்.

இன்னொரு சொல்லும் எங்களைப் படுத்தியது. நாடகத்தில் யாராவது தடுக்கி விழுந்தால், அழுதால், காய்ச்சலில் படுத்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே 'கெஞ்சனா?' என்பார். விழுந்தவரும் தூசியைத் தட்டிக்கொண்டு 'கெஞ்சனா' என்பார். "யாரு யார்ட்ட கெஞ்சுனா?" என்று அக்கா கொஞ்ச நாள் குழம்பினார். கேட்டுக் கேட்டு எங்களுக்கே விளங்கிவிட்டது. ஒன்றுமில்லையே என்று கேட்பதும் அதுதான், ஒன்றுமில்லை என்று சொல்வதும் அதுதான். பிறகு மோட்டார் சுவிட்சில் அக்காவுக்கு ஷாக் அடித்த அன்றுகூட நான் ஓடிப்போய் அதைத்தான் கேட்டேன்.

அக்கா ஒருநாள் ஊரூர் குப்பத்திலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து அவளுக்குக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தவுடன் அவள் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் ஊர்ச் சமையலுக்கு அதுதான் உயிராம். அன்று கேசட்டை நிறுத்திவிட்டு இருவரும் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்கள். நான் பால்கனியில் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். "எங்காத்துல தெரிஞ்சா என்னை உள்ளயே சேர்க்க மாட்டா" என்று அங்கிருந்தே கத்தினேன். இரண்டு பேரும் உள்ளே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருட மழைக்காலத்தில் ஒருநாள், நான் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண் எங்கள் தளத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஆப்பா... ஆப்பா..." என்றாள்.

கணவனைத் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். "ஓப்பா ஃபேக்டரிக்குப் போயிருக்கார். சாயங்காலம் வருவார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டு அக்கா மேலே ஏறி வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"டீச்சர், அத்தானையும் கேக்கல, அப்பாவையும் கேக்கல. அந்தக் கிழவர் சாவுததுக்கு முன்னால நெஞ்சப் பிடிச்சிட்டு இதத்தான சொன்னாரு? வலிக்குதுன்னு சொல்லுதா!"

அப்போதுதான் அவள் கை வலது அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். தொட்டால் உடம்பு கொதித்தது. அக்கா அவளைத் தாங்கிக் கீழே இறக்கினார். நான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாமா ஆச்சு? சைனாக்காரப் பொண்ணா?" என்றார்.

"கொரியாவாக்கும்! வாயப் பாக்காம வண்டிய எடும்" என்றார் அக்கா.

"எடுக்கறேன்மா, கோச்சிக்காதே. பள்ளம் இல்லாத ரோடா பாத்து இட்டுகினு போறேன். பொண்ண நல்லா புடிச்சிக்கோ."

சொன்னபடி மெதுவாகவும் சீக்கிரமாகவும் அவர் எங்களை அடையாறில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தார். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, குடல்வால், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். நான் தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். யார் யாரிடமோ பேசி, கடைசியில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் அகப்பட்டார். அவள் கணவரிடம் சொல்லி அனுப்பி வைப்பதாகச் சொன்னார். ஆனால் அங்கிருந்து வந்து சேர நேரமாகும். அதுவரை யாராவது அவளுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டுமே என்று டாக்டரம்மா எங்களைப் பார்த்தார்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?"

நான் பக்கத்து வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "நான் அண்ணி."

டாக்டரம்மா அக்காவின் எட்டுக்கல் மூக்குத்தியைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த கொரியப் பெண்ணைப் பார்த்தார். அவளும் வலியோடு அக்காவைக் காட்டி, "அண்ணி" என்றாள். டாக்டரம்மா ஃபாரத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் பயந்து அழ ஆரம்பித்தாள். அவள் மொழியில் வேகமாக ஏதேதோ சொன்னாள். அம்மா என்ற ஒரு சொல்தான் எங்களுக்குப் புரிந்தது. அக்கா ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தார். குனிந்து அவள் கன்னத்தைத் துடைத்தார். "கெஞ்சனா. என்ன தாயி, கெஞ்சனா. ஒண்ணுமில்ல, கெஞ்சனா" என்றார். அக்காவின் உச்சரிப்பைக் கேட்டு அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தபடி உள்ளே போனாள். கதவு மூடியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா வெளியே வரும்வரை விடவில்லை. அதுவரை அவருக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாலையில் அவள் கணவர் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் வராந்தாவில், எல்லார் முன்னிலையிலும், எங்கள் இருவருக்கும் இடுப்பை மடக்கி வணக்கம் சொன்னார். நிமிரவே மாட்டேன் என்கிறார். அக்காவும் பதிலுக்குக் குனிந்தார். நானும் குனிந்தேன். ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அவளுக்கு நாங்கள்தான் மாறி மாறிச் சமைத்துக் கொண்டுபோனோம். என் மிளகு ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பாள். படுத்தபடியே கேசட் போடச் சொல்வாள். பேக்கரிப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆன அன்று அக்கா கேசரி கிளறிக்கொண்டு வந்தார். கோப்பையை டொக்கென்று வைக்கும் அம்மாள் பையனுக்குச் சித்திதான் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது.

அவள் கணவருக்கு வேலை மாறி அவர்கள் ஊர் திரும்பியபோது டிவியையும் டெக்கையும் கேசட்டுகளையும் அக்காவிடமே விட்டுப் போனாள். போகும் நாளில் மூன்று பேரும் எதிர்பார்த்த அளவு அழவில்லை. மூட்டை கட்டுகிற அவசரம், வண்டி வேறு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மத்தியானங்களில் நான் கீழ் வீட்டுக்குப் போனேன். பார்த்த நாடகங்களையே திரும்பப் பார்த்தோம். சில நாள் டிவியைப் போடாமல் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. அவள்தான். "பேபி! கேர்ள்!" என்றாள். நான் படியில் நின்று கத்த, அக்கா ஈரக் கையோடு ஓடி வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். பச்சை உடம்புக்காரி என்ன சாப்பிட வேண்டும், தலையை எப்படித் துவட்ட வேண்டும், பிள்ளையை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும் என்று திசையன்விளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்திலிருந்து கொரிய மொழியில் பதில் வந்துகொண்டிருந்தது. ஒருவர் நிறுத்தினால்தான் மற்றவர் பேசினார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"சுகமா இருக்காளாம். சூப்பு குடிக்கா."

"சூப்னு எப்படிப் புரிஞ்சுது உங்களுக்கு?"

"உறிஞ்சுத சத்தம் கேட்டுதுல்லா."

மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் தி. நகருக்குப் போய்க் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை வாங்கினோம். அக்கா எடுத்தது இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. "இவ்ளோ பெரிசா எதுக்கு அக்கா? பொறந்து ஒரு வாரம்கூட ஆகலையே" என்றேன்.

"அங்க யாரு போறாவன்னு விசாரிச்சு, அவிய கையில குடுத்து, அது போய்ச் சேருததுக்குள்ள பிள்ள வளந்துரும் டீச்சர்" என்றார் அக்கா. கடைக்காரரிடம் அதே நிறத்தில் சட்டைத் துணியும் எடுக்கச் சொன்னார்.