மோரிஸுக்கு எண்ணெய்க் காப்பு

செவிலிமேட்டில் தேவிப்ரியாவின் மெக்கானிக் ஷெட்டுக்கு ஒன்பது வருஷமாக ஸ்கூட்டரும் பைக்கும்தான் வந்தன. கார்க்காரர்கள் வாசலில் வேகத்தைக் குறைப்பார்கள். உள்ளே ஸ்பானரோடு குனிந்திருப்பது பெண் என்று தெரிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒரு கார் கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவள் காத்திருந்தாள்.

கிடைத்தது ஓடாத கார். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் வேணுகோபாலின் கொல்லையில், பதினெட்டு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்ற மோரிஸ். இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் டீசல் ஊற்றி நான்கு நாள் ஊறவிட்டாள். முன்பக்கம் ஹேண்டிலைச் செருகித் திருகியும் மயிரிழைகூட அசையவில்லை.

வேணுகோபாலின் அக்கா மகன் விமல்ராஜ் கயிற்றோடு வந்தான். "கியர்ல போட்டு டிராக்டர்ல கட்டி இழுத்தா தானா சுத்தும் மாமா. இந்த அக்கா ஸ்கூட்டர் பாக்கறவங்க. இது காரு."

"இழுத்தா உடையும். அப்புறம் நீதான் துண்டு பொறுக்கணும்," என்றாள் தேவிப்ரியா.

"சாயந்தரம் வரைக்கும் பாரும்மா," என்றார் வேணுகோபால். "அதுக்கு மேல டிராக்டர்தான்."

அவள் ஒரு குச்சியைத் துளைக்குள் விட்டு எடுத்தாள். துரு இல்லை, தேன் நிறத்தில் பிசின். மோந்து பார்த்தாள். விளக்கு வாசனை.

"அண்ணே, இதுக்குள்ள இன்னா ஊத்தினீங்க?"

"ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் பிளக்கக் கழட்டி, துளைக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய்மா. நாலு துளைக்கும். சும்மா நின்னுக்கினு இருக்குதே, பாவம்னு..."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எண்ணெய்க் காப்பெல்லாம் சாமியோட நிறுத்திக்கணும்ணே. சரி, கச்சாப் பட்டுல பிசின் இருந்தா இன்னா செய்வீங்க?"

"கொதிக்கிற தண்ணில போடுவோம்."

"அப்ப அடுப்ப மூட்டுங்க."

சாயக் கொப்பரை நிறையத் தண்ணீர் கொதித்தது. ரேடியேட்டர் வழியே ஊற்றி, கீழே திறந்துவிட்டு, மறுபடி ஊற்றினாள். ஆறாவது முறை சூட்டில் இன்ஜினில் கை வைக்க முடியவில்லை; உள்ளே பிசின் இளகியிருக்கும். ஹேண்டிலைப் பிடித்தாள். பலம் காட்டவில்லை. முன்னுக்கு ஒரு அழுத்தம், பின்னுக்கு ஒரு அழுத்தம். கட்டைவிரல் அளவு நகர்ந்தது. பிறகு கால் சுற்று. பிறகு முழுச் சுற்று. பிளக் துளையிலிருந்து பீறிட்ட பழைய எண்ணெய், செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த விமல்ராஜின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"பூஜை பிரசாதம்டா, தொடைக்காத," என்றார் வேணுகோபால்.

விமல்ராஜ் கயிற்றைச் சுருட்டினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"அக்கா, என் கார் பிரேக் போட்டா கீச்சுங்குது. எப்ப கொண்டாரட்டும்?"

"இத ஓடவிட்டப்புறம்," என்றாள் அவள், ஹேண்டிலை விடாமல். "வரிசைல வா."