வெளியே பூட்டு, உள்ளே ரெஜினால்ட்

பெம்பான் பாசாரில், அந்த ஊர்ச் சந்தையில், ஜெயமணி வடை சுடத் தொடங்கிப் பதினான்கு வருடமாகிறது. செலண்டார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக் காய்த்த கை. எண்ணெய் தெறித்தாலும் அசராது. அந்தக் கை செய்யும் ஒரே திருட்டு வேலை, பக்கத்துக் கடை டெய்லர் ரெஜினால்டை உள்ளே வைத்துப் பூட்டுவது. கிறிஸ்மஸ் நெருங்கினால், துணி கேட்டு வருபவர்களுக்குப் பயந்து மனுஷன் போனை அணைத்துவிட்டு உள்ளே ஒளிந்து தைப்பார். வெளிப்பூட்டைப் பார்த்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

"யார் கேட்டாலும் மலாக்கா போயிருக்கேன்னு சொல்லு."

"தினமும் மலாக்காவா? அங்க வீடு கீடு வாங்கிட்டீங்களாண்ணே?"

அன்றும் பூட்டிவிட்டு, மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு வடை கொண்டுபோனாள். மூன்று நாள் மழை. அவள் வடையை எண்ணிக் கொடுப்பதற்குள் ஆறு பாசாருக்குள் புகுந்துவிட்டது. இப்படியொரு வெள்ளத்தைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று கிழவர்களே வாயைப் பிளந்தார்கள். படகுகள் ஆட்களை ஏற்றிவந்து மேட்டில் இறக்கின. ரெஜினால்ட் எதிலும் இல்லை.

சாவி அவள் இடுப்பில் இருந்தது.

படகுக்காரரிடம் ஓடினாள். தையல் கடை என்றதும் அவர் கையை விரித்தார். "கெடாய் துத்துப் லா, மாச்சிக். கடை மூடியிருக்கு. தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே பூட்டு தொங்குறத நானே பார்த்தேன்."

"பூட்டுனதே நான்தான்யா! உள்ள ஆள் இருக்கு!"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் ஏற்றிக்கொண்டார்.

கடை வாசலில் தண்ணீர் நெஞ்சளவு. பூட்டு ஷட்டரின் அடியில். ஜெயமணி மூச்சைப் பிடித்து முங்கினாள். முதல் தடவை சாவித் துவாரமே அகப்படவில்லை. இரண்டாவது தடவை சாவி கை நழுவப் பார்த்தது. மூன்றாவதில் பூட்டு திறந்தது; ஷட்டரோ ஒரு முழம் ஏறிச் சிக்கிக்கொண்டது. படகுக்காரரும் இறங்கி முட்டுக்கொடுத்துப் பார்த்தார். அசையவில்லை.

உள்ளே மேசைமேல் நின்று ரெஜினால்ட் கத்தினார். "கர்த்தரே! ஜெயா!"

"அவரு வர லேட்டாகும், நான் வந்துட்டேன்! இறங்கி முங்கி வாங்கண்ணே!"

"எனக்கு நீச்சல் தெரியாது!"

"நீந்தவா சொன்னேன்? குனிஞ்சு வாங்க, என் கை இருக்கும்!"

கையை அடியில் விட்டுத் துழாவினாள். தண்ணீர், துணி, மறுபடி தண்ணீர். அப்புறம் ஒரு காலர் அகப்பட்டது. இழுத்தாள்.

இருமி இருமி, படகில் சுருண்டு கிடந்தார் ரெஜினால்ட். திட்ட வாயைத் திறந்தவள், மறு கையால் அவர் முதுகைத் தட்டிவிட்டாள். பாசார் முனை தாண்டியும் காலரைப் பிடித்த கை இறுகியே இருந்தது.

"கழுத்து வலிக்குது, ஜெயா."

"வலிக்கட்டும்."