உதவியவர்கள் பக்கத்தில் நான் பட்ட பாடு

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எழுதுகிற எங்களை நாளெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர்கள் என்று ஊர் நினைக்கிறது. பாதி நாள் நாங்கள் அடுத்தவர் கம்பெனி லோகோவை ஒரு விரல்கடை மேலேயும் கீழேயும் நகர்த்திக்கொண்டிருக்கிறோம்.

அருப்புக்கோட்டையில் என் வீட்டு மாடியில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. சேலை பார்டரைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய உதவும் மென்பொருள், பேரும் 'கட்டம்'தான். வரைந்ததைப் பார்த்துத் தறியில் மாட்டும் துளை அட்டையைத் தயார் செய்வார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதை எப்படி எழுதியிருக்கிறோம் என்று திறந்தும் பார்க்கலாம். என் கூட்டாளி முத்துப்பாண்டி பாலவனத்தத்துக்காரர், பகலில் விருதுநகரில் ஆபீஸ் வேலை. எல்லோரும் மென்பொருளை இறக்கிக்கொள்ளும் சர்வருக்கு வாடகை உண்டு, அதற்குச் சில கம்பெனிகள் உதவும். பதிலுக்கு எங்கள் இணையப் பக்கத்தில் 'உதவியவர்கள்' என்று அவர்கள் பேரைப் போட வேண்டும். உங்களில் யாராவது கல்யாணப் பத்திரிகையில் பேர் வரிசை போட்டிருந்தால் இப்போதே என் மேல் இரக்கம் வந்திருக்கும்.

முதல் லோகோ

முதலில் உதவியவர் டவுனில் நூல் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. "லோகோ அனுப்புங்க அண்ணாச்சி" என்று கேட்டேன். "அப்படின்னா?" என்றார். கடைக்கு அடையாளமாக ஒரு படம் என்று விளக்கினேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது: வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி, கும்பிட்ட கை, அண்ணாச்சியே முழு உருவமாக.

கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இடம். சுருக்கிப் போட்டால் யாரோ தூரத்தில் நின்று கும்பிடுகிற மாதிரி தெரிந்தது. முகத்தை மட்டும் வெட்டினால் கை போய்விடும். கை இல்லாவிட்டால் மரியாதை போய்விடும். வேறு ஏதாவது, ஒரு நூல்கண்டு படமாவது போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "நாப்பது வருசமா கடைக்கு அடையாளம் நாந்தேம்மா. நூல்கண்டப் போட்டா எந்தக் கடைன்னு எவனுக்குத் தெரியும்?"

எட்டில் செவ்வாய்

அடுத்து ஒரு ஜாதகப் பொருத்த இணையதளம் தானாக முன்வந்தது. நல்ல உதவி. நெசவுக்கும் ஜாதகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முத்துப்பாண்டி கேட்டார். வருகிற உதவியை ஏன் ஆராய வேண்டும் என்று நான் லோகோவைப் போட்டேன். எங்கள் பேர் 'கட்டம்', கீழே ராசிச் சக்கரம். ஒரே வாரத்தில் எனக்கு வந்த மெயிலில் பாதி பிறந்த தேதி, பிறந்த நேரம்.

ஒரு காலை நரிக்குடியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். மகளுக்கு வரன் வந்திருக்கிறதாம். "அம்மா, இது சேலைக் கட்டம். நாங்க பார்டர் டிசைன் போட உதவுறவங்க" என்று மூன்று தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னார்: "டிசைன் போடுறவுகளா இருந்தாலும் பரவாயில்ல தாயி, எட்டுல செவ்வா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க."

வெண்கலம்

உலகமெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று முத்துப்பாண்டி பக்கத்தை, கொடுத்த தொகைக்கு ஏற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பிரித்தார். மறுநாளே, வெண்கலத்தில் பேர் வந்த சாயப்பட்டறை முதலாளி ஒருவர் வாசலில் நின்றார். கோபத்தை விட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. "சம்பந்தி வீட்டுக்காரவுக பாத்துட்டாக. ஏம்மா, நான் கேட்டனா? சும்மா இருந்தவனக் கூப்புட்டு, மூணாவது ஆளுன்னு ஒலகம் பூராச் சொல்லிட்டீகளே."

பெரிய கம்பெனி

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தறி எந்திரம் விற்கும் ஒரு வெளியூர்க் கம்பெனி, மூன்று வருடத்துக்கு எல்லாச் செலவும் தங்களுடையது என்றது. முத்துப்பாண்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதிலேயே இருக்கலாம். அவர் அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. தங்கள் லோகோ எங்கள் பக்கத்தின் உச்சியில், பெரிதாக இருக்க வேண்டும் என்றார்கள். ஒப்பந்தம் பின்னால் வரட்டும் என்று நாங்களே ஆசையாகப் போட்டுவிட்டோம்.

நாலாம் நாள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தமிழரசி பஸ் ஏறி வந்தார். வீட்டில் நாலு தறி. பார்டர் எல்லாம் 'கட்டத்தில்' அவரே வரைவார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "கம்பெனிக்கு வித்துட்டீகளாக்கா? என் டிசைனெல்லாம் அவுகளுக்குப் போயிருமா?"

"போகாதும்மா. இது ஓப்பன் சோர்ஸ். யாரு வேணாலும் தெறந்து பாக்கலாம்" என்றேன், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அவர் முகம் வெளிறிவிட்டது. "யாரு வேணாலும் பாக்கலாமா?"

ஒரு மணி நேரம் ஆயிற்று. திறந்து பார்க்கக்கூடியது நாங்கள் எழுதிய புரோகிராம் மட்டும்தான், நீங்கள் வரைந்தது உங்கள் கம்ப்யூட்டரை விட்டு நகராது என்று படம் போட்டு, இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிக் காட்டிப் புரியவைத்தேன். தலையாட்டினார். ஆனாலும் வாசலில் செருப்பு மாட்டும்போது, "வீட்டுக்குப் போயி கட்டத்த அழிச்சுருதேன்க்கா, தப்பா நெனைக்காதீக" என்றார். மூன்று வருடமாக நாங்கள் எழுதிவந்ததை ஒருவர் வேண்டாம் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஒப்பந்தம் வந்தது. அதில் 'உதவி' என்ற சொல்லே இல்லை. 'எங்கள் தயாரிப்பு' என்று இருந்தது. முத்துப்பாண்டி இரண்டு தடவை படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். வேலையை விடுவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டதாம். "கையெழுத்துப் போட்டா நான் இங்கன ஒக்காரலாம்க்கா. ஆனா எதுக்கு ஒக்காந்திருக்கேன்னு தெரியாது" என்றார். இரண்டு பேருமாகக் கம்பெனிக்கு எழுதினோம்: உங்கள் லோகோ எல்லோரோடும் கீழே வரும், உதவியவர் என்று இருக்கும், முடிவெடுப்பது நாங்கள். கம்பெனி அதிகாரி போன் செய்தார். கோபப்படவே இல்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். "மேடம், உதவுனோம்னு போடுறதுக்கு எங்களுக்கு எதுக்கு மேடம் நீங்க?"

லோகோவை அன்றே எடுத்தோம். முத்துப்பாண்டி விருதுநகர் பஸ்ஸிலேயே இன்னும் போய் வருகிறார்.

பேர் வேண்டாதவர்

பக்கத்தைத் திருத்தி எழுதினோம். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை; அகர வரிசையில் பேர்கள், மேலே ஒரே வரி: 'இவர்கள் உதவினார்கள்; உங்கள் டிசைனை இவர்களாலும் பார்க்க முடியாது, எங்களாலும் பார்க்க முடியாது.' ஜாதகத் தளத்திடம் காரணம் சொல்லி விடைபெற்றுக்கொண்டோம். உச்சியிலிருந்த லோகோ காணாமல் போனதைப் பார்த்து ஒரு வாரம் போன் வந்தது, அந்தப் பெரிய கம்பெனி நொடித்துவிட்டதா என்று.

இரண்டு மாதம் கழித்துத் தமிழரசி போன் செய்தார். பார்டரைத் திருப்பிப் போடும்போது கடைசிக் கட்டம் ஒன்று விழுங்கப்படுகிறது, யானைக்கு வால் வரமாட்டேன் என்கிறது என்றார். அழித்ததை எப்போது மறுபடி எடுத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சோதித்தால் உண்மை. அத்தனை நாளும் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படாத பிழை. சரிசெய்துவிட்டு, சந்தோஷத்தில், அவர் பேரையும் உதவியவர்களில் போடுகிறேன் என்றேன். பதறிப்போனார்: "அய்யோ வேணாம்க்கா! அதுல எம் பேரப் பாத்தா, நானும் ஒங்கள வெலைக்கு வாங்கிட்டேன்னு ஊருக்குள்ள சொல்லிருவாக."

உதவி செய்தவர்களின் பேரை ஒழுங்காகப் போடத் தெரிந்த ஓர் ஆள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், அவர் பேரை எங்கே போடுவது என்று நாங்கள் புதிதாகக் குழம்பிக்கொள்கிறோம்.