கூலி சேர்க்காத தூண்கள்

என் நாத்தனார் வீடு கட்டிக் குடிபோக நாற்பத்தொரு நாள் ஆனது. ஒரு நாள் விடாமல் எண்ணினேன். பொறாமை பிடித்தவளுக்கு வேறென்ன வேலை?

வீடென்றால் செங்கல் வீடில்லை. கப்பலில் சரக்கு ஏற்றுகிற கன்டெய்னர். அவள் புருஷன் வெல்டர். துறைமுகத்தில் கழித்துவிட்ட இரண்டு பெட்டிகளை வாங்கி ஒட்ட வைத்து, ஜன்னல் வெட்டி, உள்ளே பலகை அடித்து, நீலப் பெயின்ட் பூசிவிட்டார். பார்க்கப் போனோம். சமையலறையில் சத்தமே இல்லாமல் இழுபடும் அலமாரி. நாத்தனார் அதை மூன்று முறை இழுத்துக் காட்டினாள்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"நல்லாருக்கு" என்றேன். அலமாரியை நானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். இந்தப் பக்கத்துத் தெருக்களில் பாதிச் சுவர்கள் அவர் எழுப்பியவை. எங்களுக்கு மட்டும் வாடகை வீடு. அதையும் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கள் மனையில் ஏழு வருடமாக எட்டுத் தூண்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன, தலையில் கம்பிகளை நீட்டிக்கொண்டு. ஊரார் வீட்டுக்கு அளவோடு போடுகிற மனுஷன், சொந்த வீடு என்றதும் மூன்று மாடி தாங்கும் அஸ்திவாரம் போட்டார். கையிலிருந்ததெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. கீழே கோட்டை, மேலே வானம்.

நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவர் முணுமுணுத்தார். "தகரப் பெட்டி. அதுக்கு ஆகுற செலவுல கான்கிரீட்லயே கட்டிடலாம்."

"அப்ப எழுதிக் காட்டுங்க."

எழுதினார். பெட்டிப் பக்கம் பட்டியல் நீண்டது: பெட்டி, லாரி, கிரேன், துருப்பிடிக்காமல் காக்கும் பெயின்ட், சுவருக்குள் வைக்கும் பஞ்சு. "அது வைக்கலன்னா மத்தியானம் உள்ள இருக்கிறவங்க வெந்துடுவாங்க" என்று சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெல்டர் கூலியை மறக்காமல் சேர்த்தார். எதிர்ப்பக்கம் சிமென்ட், மணல், கம்பி, செங்கல். கடைசியில் கான்கிரீட் நூறு என்றால் பெட்டி தொண்ணூறு என்று வந்தது.

"பாத்தியா? பத்துதான் வித்தியாசம்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

நான் தாளை இழுத்துப் பார்த்தேன். "கொத்தனார் கூலி எங்க?"

"சொந்த வீட்டுக்கு யாராவது கூலி வாங்குவாங்களா?"

"கட்டி முடிக்க ஒரு வருஷமாகும், அதுல வெளி வேலைக்குப் போனா கூலி வருமில்ல? வீடு முடியிற வரைக்கும் வாடகை யாரு குடுப்பா?"

அவர் காதிலிருந்து பென்சிலை உருவி நானே இரண்டையும் எழுதிக் கூட்டினேன். நூறு, நூற்று நாற்பதானது. பென்சிலை வாங்கித் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

"என் கூலியே இவ்வளவா?"

பல வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியும் எனக்கும் அன்றுதான் தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளையக் கூப்பிடுங்க" என்றேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

வெல்டர் வந்து தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "மச்சான், இது மேல மூணு பெட்டி அடுக்கலாம்."

"மூணு மாடிக்குப் போட்டது" என்றார் இவர்.

ஒரு பெட்டிதான் வாங்க முடிந்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை அறுக்க வெல்டர் மெஷினோடு வந்தார். இவர் அதை வாங்கி எட்டுத் தூணிலும் தானே அறுத்தார். ஏழு வருடம் மாடிக்காகக் காத்திருந்த கம்பிகள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. தூண்களின் மேல் இரும்பு உத்திரம் ஏறியது, கிரேன் பெட்டியை இறக்கியது. இவர் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். நூலளவும் பிசகவில்லை.

பார்க்க வந்தவர்கள் பெட்டியைத்தான் புகழ்ந்தார்கள். "வெல்டர் கை வேலை அருமை." இவர் ஒவ்வொருவரையும் முதலில் கீழே அழைத்துப்போய்த் தூண்களைக் காட்டுவார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் படியேறிவிடுவார்கள். பாவமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் விடாத மழை. முழங்கால் உயரக் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்த நாத்தனார் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அலமாரியின் பலகை ஊதி, இழுத்தால் வரவில்லையாம். புருஷன், பிள்ளைகளோடு எங்கள் படியேறி வந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழேயும் தண்ணீர் ஓடியது, தூண்களுக்கு நடுவே, தன் பாட்டுக்கு.

தலை துவட்டத் துண்டு கொடுத்தேன், சூடாகக் குடிக்கக் கொடுத்தேன். அவள் ஜன்னலருகே நின்று கீழே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? மாதக்கணக்கில் நான் சுமந்ததாயிற்றே. நான் நல்லவள் இல்லை. ஜன்னலை மூன்று முறை திறந்து மூடினேன்.

மழை விட்டதும் வெல்டர் கீழே போனார். சேற்றில் நின்றபடி ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். இவரும் பின்னாலேயே போனார்.

"மச்சான், இந்த மாதிரி எட்டுத் தூண் போட எவ்வளவு ஆகும்?"

இவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். ஒருமுறை அண்ணாந்து, ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"கூலியோட சொல்றேன் மாப்பிள்ளை" என்றார்.