பவளம்தானா என்று பார்த்த பதினாறு நாட்கள்

என் தம்பி பிரிட்ஜ் மெக்கானிக். அவன் பத்தாவதோடு நிறுத்தியவன், நான் எட்டாவதோடு. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, பத்தொன்பது வருடத்தில் அவன் கைவைத்த பெட்டி ஒன்றுகூட அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. கழற்றிய திருகாணிகளைத் தட்டில் வரிசையாக வைத்து, எது எந்த ஓட்டைக்கு என்று காகிதத்தில் படம் போட்டுக்கொள்வான். பட்டறையில் அவனுக்கு ‘டாக்டர்’ என்றே பெயர்.

அவன் மனைவி வண்ணமீன் கடையில் வேலை பார்த்தாள். கடை முதலாளி குப்பையில் போடச் சொன்ன பவளத் துண்டு ஒன்றை, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், பையில் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்காகவே ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து, துணைக்கு இரண்டு மீன்களும் விட்டார்கள். உயிருள்ள பவளம் நாம் நினைப்பதுபோல் வெறும் கல் அல்ல. தானே கட்டிக்கொண்ட கல் கிண்ணத்திலிருந்து விரல் விரலாகச் சதையை நீட்டி ஆடிக்கொண்டிருக்கும். நான்கு வருடத்தில் அது உள்ளங்கை அளவு ஆனது.

“அண்ணி, உங்க தம்பி காலைல எழுந்ததும் என் முகத்தப் பாக்கறதே இல்ல. எனக்கு நானே சக்களத்தியைப் பையில போட்டுக் கொண்டுவந்திருக்கேன்” என்பாள்.

போன வருடம் அவளுக்கு ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள் தம்பி அங்கேயே கிடந்தான். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. தொட்டியில் தண்ணீர் குறையும், தினமும் ஒரு செம்பு ஊற்று என்று போனில் சொன்னான். கடல்நீர்த் தொட்டியாயிற்றே என்று, அலமாரியில் இருந்த உப்பில் இரண்டு கரண்டி, தலைதட்டி அளந்து, கலக்கி ஊற்றினேன். ஒரு நாளும் அளவு தப்பவில்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும் என்பது எனக்குத் தெரியாது.

அவளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தபோது மீன்கள் இரண்டும் உயிரோடு இருந்தன. பவளம் வெறும் வெள்ளை எலும்பாக நின்றது.

நான் செய்ததைச் சொன்னேன்.

“உப்புத் தண்ணின்னா உப்பு போடணும்னு யாருக்கும் தோணும்க்கா. நான்தான் சரியா சொல்லல.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நான்கு மாதம் கழித்து, கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டான். அந்த வெள்ளை எலும்பின் ஓரத்தில் கடுகளவு பழுப்பாக ஏதோ முளைத்து, மயிரிழை போன்ற கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. செத்த பவளத்தில் சில நேரம் குட்டி துளிர்க்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாளாம். அன்றே நோட்டு போட்டான். தினம் ஒரு படம், கைகள் எத்தனை, என்ன நிறம். நான் துணி தைக்கிறவள். கண்ணாடிமேல் என் டேப்பை வைத்து அளவு சொன்னேன். ஒன்பதாம் நாள் கால் அங்குலம், இருபத்தெட்டுக் கைகள். அது பவளமாக இருக்க வேண்டும் என்று அவனைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

நோட்டை எடுத்துப்போய்க் கடை முதலாளியிடம் காட்டினான். அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை. பவளக் குட்டியாகவும் இருக்கலாம், தொட்டிகளில் களைபோல் பரவும் ஒரு பூச்சியாகவும் இருக்கலாம், சின்னதில் இரண்டும் ஒரே ஜாடைதான் என்றார். குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பவளம் என்றால் மெதுவாகச் சுருங்கும், அடியில் சின்னக் கல் கிண்ணம் தெரியும். களை என்றால் கண் இமைப்பதற்குள் ஓட்டைக்குள் போய்விடும்.

ஒரு நிமிட வேலை. ஒரு வாரம் தள்ளிப்போட்டான். வெளிச்சம் பத்தவில்லை என்றான், தண்ணீர் கலங்கியிருக்கிறது என்றான். பதினாறாம் நாள் மதியம் குச்சியை என் கையில் கொடுத்தான்.

“நீ தொடுக்கா. எனக்குக் கை வரல.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தொட்டேன். தொட்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதற்குள் அங்கே ஒன்றும் இல்லை, ஊசி நுழையும் அளவு ஒரு ஓட்டை மட்டும்தான்.

“எப்படிப் போச்சு?” என்று திரும்பாமலே கேட்டான்.

மெதுவாக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் சில மாதம் நம்பிக்கொண்டு இருந்திருப்பான். என் நெஞ்சிலும் கொஞ்சம் கனம் குறைந்திருக்கும். ஆனால் நான் சொல்வதை அவன் அப்படியே நோட்டில் எழுதுவான். அதில் அதுவரை ஒரு பொய் இல்லை.

“சட்டுனு போயிடுச்சுடா. அடியில கிண்ணமும் இல்ல.”

தலையை ஆட்டினான். தேதி போட்டு, ‘பவளம் இல்லை’ என்று எழுதி, அடிக்கோடு இழுத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அழாதவன்.

அதைக் கொல்ல ஒரு மருந்து கொடுத்தார் முதலாளி. இரண்டு மாதமாகப் புட்டி பிரிக்காமல் கிடக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தபோது அந்த எலும்பு முழுக்க ஆறு முளைத்திருந்தன.

“களைடா அது. தெரிஞ்சும் விட்டு வச்சிருக்கியே?”

“உயிரோட இருக்குல்லக்கா” என்றான். “இருந்துட்டுப் போகட்டும்.”

எந்த வேலையையும் பாதியில் விடாதவன் என்று அவனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.