படியில் நிற்காதே, மேலே ஏறு

மருமகள் படுத்திருக்கும் அறையின் வாசலில், அறைக்கு முதுகைக் காட்டியபடி நின்று, நிலைச்சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "படியில நிக்காதே! மேல ஏறு, மேல ஏறு! உள்ள எவ்வளவு இடம் கிடக்கு!" என்று ஒரு குரல் கொடுப்பார் கண்டக்டர். பிறகு கண்ணை மூடி ஆண்டவனிடம் நாலு வார்த்தை பேசுவார். அதற்கும் அதே குரல்தான். எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் நான் என்னையறியாமல் ஓர் அடி நகர்ந்து நிற்பேன். பழக்கதோஷம். நானும் தினமும் அவர் பேருந்தில் போகிறவன்தான்.

அவர் அதட்டுவது என்னையல்ல, நஞ்சுக்கொடியை. மருமகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "குழந்தை நல்லா இருக்கு. நஞ்சுக்கொடிதான் கீழ இறங்கி, குழந்தை வெளிய வர்ற வழியை மறிச்சு உக்காந்திருக்கு. மாசம் போகப் போக அதுவும் மேல ஏறலாம், ஏறாமலும் போகலாம். அதுவரைக்கும் படுக்கையிலயே இருக்கட்டும். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்துடணும்." இதைக் கேட்டு மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமியார் பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் ஒருவருக்குத்தான் விஷயம் சட்டென்று பிடிபட்டது. "அட, படியில நிக்குதுன்னு சொல்லுங்க!" என்றார். ஆயுளில் பாதியைப் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளுவதில் கழித்தவர். "இதெல்லாம் அதட்டினாத்தான் நகரும். நான் பார்க்காத படியா?"

ஆள் குட்டை. பை தொங்கித் தொங்கி ஒரு தோள் சரிந்துவிட்டது. வீட்டில் நாற்காலிகள் இருந்தாலும் உட்காரமாட்டார். சுவரில் இடுப்பைச் சாய்த்து நின்றபடியே சாப்பிடுவார், செய்தித்தாள் படிப்பார், மகனைத் திட்டுவார். தட்டு வைக்கும் நேரத்தில் "யாரு, யாரு, இன்னும் யாரு?" என்று கேட்டுக்கொண்டே மேஜையைச் சுற்றுவார். அவரிடம் யாராவது நீட்டி முழக்கிப் பேச ஆரம்பித்தால், "சில்லறையா குடுங்க" என்று இடைமறிப்பார். சுருக்கமாகச் சொல் என்று அர்த்தம். தான் பேசும்போது மட்டும் எப்போதும் பெரிய நோட்டுத்தான்.

முன்பெல்லாம் அவருக்கும் ஆண்டவனுக்கும் பெரிய புழக்கம் கிடையாது. டிக்கெட் பரிசோதகர் பேருந்தில் ஏறும்போது ஒருமுறை கூப்பிடுவார், அவர் இறங்கியதும் மறந்துவிடுவார். இப்போது அப்படியில்லை. மருமகளுக்கு இதற்கு முன் ஒன்று தரித்து, கைக்கு வராமலே போய்விட்டது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மனிதர் இவ்வளவு சத்தம் போடுவதே, அந்தப் பேச்சு எங்கிருந்தும் கிளம்பிவிடக்கூடாது என்றுதானோ என எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பக்தி வந்த கையோடு நிர்வாகமும் வந்தது. "இனிமே இந்த வீட்டுல மருமக ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது!" என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். அந்த டம்ளரை இனி யார் தூக்குவது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆகவே அவர் மனைவி தூக்கினார். அந்த அம்மாள் சமைத்தார், கழுவினார், மருமகளுக்குத் தலை வாரிவிட்டார், கால் மாற்றிப் படுக்க வைத்தார். ஏ.சி. ரிப்பேர் வேலை பார்க்கும் மகன், வேலைக்குப் போகுமுன் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனான். கண்டக்டர் நம்பிக்கையோடு இருந்தார். "வீட்டுல ஒருத்தராவது தைரியமா இருக்கணும் இல்ல?" என்று என்னிடம் கேட்டார். இரண்டு பேர் வேலை செய்யும்போது தைரியமாக இருப்பதற்கு ஓர் ஆள் தேவைதான்.

வாரத்துக்கு ஒருமுறை சாயங்காலம் அவருடைய தம்பி, தங்கை, தங்கை வீட்டுக்காரர் என்று உறவுப்பட்டாளம் வந்து கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து வேண்டிக்கொள்ளும். வேண்டுதல் கொஞ்ச நேரம், டீ கொஞ்ச நேரம், மற்றவர்களுடைய பிரசவங்களில் நடந்த கோரங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்தல் வெகுநேரம். எல்லாம் படுத்திருப்பவளின் காதில் விழுகிற தூரத்தில்தான். ஒருநாள் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "மாமா, ஆண்டவனுக்குக் காது நல்லாவே கேக்கும். எனக்குத்தான் தூக்கம் வருது." மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிற பெண். பேச்சிலும் பிசிறு இருக்காது. கண்டக்டர் உடனே எல்லோரையும் பார்த்து, "சத்தம் போடாம வேண்டுங்கப்பா!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

வர முடியாதவர்களுக்குத் தொலைபேசி. சொந்தபந்தம் ஒருவரையும் விடவில்லை. ஆனால் மருமகளின் கர்ப்பப்பை சமாசாரத்தை மாமனார் எப்படி விளக்குவது? கூச்சம். அதனால் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்: "கொடி ஏறணும்னு வேண்டிக்குங்க." அவ்வளவுதான், போனை வைத்துவிடுவார்.

அடுத்த ஸ்கேனில் கொடி ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. மாதம் ஏறினால் அதுவும் கொஞ்சம் ஏறலாம் என்று டாக்டரம்மா முன்பே சொன்னதை அவர் மறந்துபோனார். "பாத்தீங்களா? நான் குடுத்த குரல்!" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். பாதி பேருக்கு எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே தெரியாது. வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

அதற்கடுத்த ஸ்கேனில் கொடி நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் வழியை மறித்துக்கொண்டுதான் இருக்கிறது, அறுவைதான், கத்தி வைக்கும்போது ரத்தம் அதிகம் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குப் பயம் வந்தது. கண்டக்டருக்கு மட்டும் கோபம் வந்தது. இத்தனை பேர் வேண்டியும் வண்டி நகரவில்லை என்றால், யாரோ ஒருவர் வேண்டாமலே ஓசியில் உட்கார்ந்திருக்கிறார்! அடுத்த கூட்டத்தில் வட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு பரிசோதனையைத் தொடங்கினார். "நீ வேண்டினியா? என்னன்னு வேண்டினே? சொல்லு."

முதலில் மாட்டியவர் தம்பி. "தினமும் வேண்டினேன்ணே. சங்கத் தேர்தல்ல நீதான் ஜெயிக்கணும்னு."

"எந்தச் சங்கம்டா?"

"உங்க கண்டக்டர் சங்கம்தான். நீதானே போன்ல கொடி ஏறணும்னு சொன்னே? நம்ம அண்ணன் கொடியேத்தப் போறாரேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தங்கை வீட்டுக்காரரும் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதே கட்சிதான். கண்டக்டர் கடைசியில் மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, "நான் வேற என்னத்த வேண்டுவேன்? குழந்தை தலை நல்லபடியா இறங்கணும்னு வேண்டினேன்" என்றார்.

"இறங்கணும்னா? நான் ஏறு ஏறுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீ பின்னாலயே நின்னு இறங்கு இறங்குங்கிறியா?"

உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஒரே வாசல்ல நீங்க ஏத்துறீங்க, அத்தை இறக்குறாங்க. இறங்கறவங்களுக்கு முதல்ல வழி விடுங்கன்னு பஸ்ல நீங்கதானே மாமா சொல்வீங்க?" கண்டக்டர் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தாடையைச் சொறிந்தபடி யோசித்துவிட்டு மனைவியிடம், "உன் வேண்டுதலை நிறுத்தி வை. நான் சொல்றப்போ ஆரம்பி" என்றார். அந்தப் பெண் சிரித்ததை நான் அந்த மாதத்தில் கேட்டது அந்த ஒருமுறைதான். மற்ற நேரங்களில் கூரையைப் பார்த்தபடி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கிடப்பாள். குழந்தை அசைகிறதா என்று பார்ப்பாள்.

அதட்டியும் பயனில்லை, ஆள் சேர்த்தும் பயனில்லை என்று ஆனபின் கண்டக்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அறுவைக்கு நாள் குறித்ததும், அதற்கு முந்தைய நாளிலிருந்து விரதம் என்று அறிவித்தார். "பிள்ளை அழற சத்தம் கேக்குற வரைக்கும் பச்சத் தண்ணியைத் தவிர எதுவும் என் பல்லுல படாது." இது சாதாரணச் சபதம் இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிறவர் என்றேனே தவிர, குறைவாகச் சாப்பிடுகிறவர் என்று நான் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் உருகிப்போனார்கள். "மருமகளுக்காக இந்தக் காலத்துல எந்த மாமனார் இப்படி இருப்பாரு?" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டரும் அந்தப் புகழ்ச்சியைத் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன், பிளாஸ்க் தூக்க. பட்டாளம் முழுவதும் வந்து கீழ்க்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்துவிட்டது. மருமகளை உள்ளே கொண்டுபோகத் தயார் செய்துகொண்டிருந்தபோது ஒரு நர்ஸ் வேகமாக வந்தார். அந்தப் பெண்ணின் ரத்தவகை அரிது. கையிருப்பு போதாது, அவசரத்துக்கு இன்னும் வேண்டும். கணவனுடைய ரத்தம் சேராது என்று பார்த்தாகிவிட்டது. "அதே வகை இருக்கறவங்க யாரு? தெரியலைன்னா வாங்க, சோதிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

தங்கைக்குச் சர்க்கரை. தங்கை வீட்டுக்காரருக்குப் பிரஷர். தம்பிக்கு ஊசியைப் பார்த்தாலே ஆகாது. "நாங்க இங்கயே உக்காந்து வேண்டிக்கிறோம் சிஸ்டர்" என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு இறுக்கமாக அவர்கள் கண்ணை மூடி நான் அதுவரை பார்த்ததில்லை. என் சங்கதி வேறு. காமாலை வந்துபோனவன், வேண்டாம் என்று கைகாட்டிவிட்டார்கள். மற்றவர்களைப் பழிக்கிற உரிமை எனக்கு அப்படிக் கிடைத்தது.

கண்டக்டர் மாடிப் படிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒளிந்திருந்தார் என்று சொன்னால் வருத்தப்படுவார். ஆனால் லீவு நாளிலும் கழுத்திலிருந்து பணி அட்டையைக் கழற்றாத மனிதர் ஒளிந்து என்ன பயன்? நர்ஸ் நேராக வந்து அட்டையைத் திருப்பினார். ரத்தவகை கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. "சார், அதே வகை! வாங்க, வாங்க. சாப்பிட்டீங்களா?"

மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது. "இல்லம்மா, நான் விரதம்."

"வெறும் வயித்துல எடுக்க மாட்டோம், மயங்கிடுவீங்க. கேன்டீன்ல ஏதாச்சும் சாப்பிட்டுட்டு உடனே வாங்க. நேரமில்லை."

கண்டக்டர் அசையவில்லை. இந்தப் பக்கம் ஊசி, அந்தப் பக்கம் ஆண்டவன். அவருக்கு ஊசி என்றால் எவ்வளவு பயம் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். விரதத்தை எத்தனை பேரிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்பதும் தெரியும். "முறிச்சா இத்தனை நாள் வேண்டினதெல்லாம் வீணாயிடுமோ" என்று மனைவியைப் பார்த்து முனகினார். குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த அம்மாள் என் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஆண்டவன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார். அந்த வீட்டில் அவர் போட்ட முதல் உத்தரவு அது.

பெண் குழந்தை. தாயைப் பிழைக்கவைக்க டாக்டர்கள் வெகுவாகப் பாடுபட்டார்கள், பிழைத்தாள். இருவரும் இப்போது எதிர்வீட்டில்தான் இருக்கிறார்கள். குழந்தைக்கு யார் குரல் வாய்த்திருக்கிறது என்பதைத் தினமும் விடிகாலையில் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்டக்டரைக் கேட்டால், பேத்தியைக் காப்பாற்றியது தன் விரதம் என்று அடித்துச் சொல்வார். "ஒரு பருக்கை பல்லுல படல!" தங்கையும் தம்பியும் சாட்சி. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ரத்தம் கொடுத்ததைப் பற்றி மூச்சு விடமாட்டார். அதைச் சொன்னால் சாப்பிட்டதைச் சொல்லவேண்டி வருமே.

நான் அன்று கேன்டீனுக்கு அவர் பின்னாலேயே போனவன். அங்கே அவர் ஒரு பன்னை வாங்கி, பிய்க்காமல் கொள்ளாமல் முழுசாக வாயில் திணித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. துடைக்கவில்லை. மென்றுகொண்டே இடது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசியும் இல்லாத, நர்ஸும் இல்லாத அந்த இடத்தில், டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் முன்னால் கையை நீட்டிவிட்டார்.