எதிரில் உட்கார்ந்து வாசித்தவர்

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற இறங்கி, ஓட்டலில் இட்லியில் கை வைத்திருந்தேன். நண்பரின் மனைவி லூர்துமேரி போன் செய்தார். "அண்ணா, அவுரு பூட்டாரு. காத்தால பேப்பர் படிச்சிக்கினு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு." இலையை மூடிவிட்டு எழுந்தேன். என் நண்பர் சவரிமுத்து இனி இல்லை. சின்னசேலம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். நானும் அவரும் நடத்திய சிறு காலாண்டிதழில் அரசியலையும் சமயத்தையும் உரசிப் பார்த்து இருபது ஆண்டுகள் கட்டுரை எழுதியவர்.

நான் போய்ச் சேர்வதற்குள் தெருவில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். 'யார் மனதையும் புண்படுத்தாத பண்பாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடப்பாவிகளா! அந்த மனிதர் புண்படுத்தாமல் வேறென்ன செய்தார்? என்னைப் புண்படுத்தித்தான் எனக்கே அறிமுகமானார். அவருடைய கடைசிக் கட்டுரையை மறைக்கச் சொல்கிறார்கள். மறைக்க மாட்டேன் என்று அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சங்கராபுரத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தவன். எங்கள் ஊர்த் தேரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ஊரே மெச்சிக்கொண்டிருந்த சமயம், முன்பின் தெரியாத ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். "வாத்தியாரே, உங்க கட்டுரைக்கு மறுப்பு எழுதியிருக்கேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களாண்டயே படிச்சிக் காட்டிடலாம்னு வந்தேன்" என்றார். படித்தார். எந்த மரத்தில் தேர் செய்தார்கள், யார் வடம் கொடுத்தார்கள் என்றெல்லாம் எழுதிய நான், அது ஏன் காலனித் தெருப் பக்கம் திரும்புவதே இல்லை என்பதை மட்டும் விட்டிருந்தேன். அதைத்தான் கேட்டிருந்தார். "எங்க ஊரு விசயம் உனக்கு இன்னாய்யா தெரியும்?" என்று கத்தினேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "தெரியாதத சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறு மாதம் நானே அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

அவர் வழக்கம் அது. யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் வீட்டுக்கே போய், முகத்துக்கு நேரே வாசித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பார். "ஆளு இல்லாத எடத்துல பேசினா அதுக்குப் பேரு புறணி வாத்தியாரே" என்பார். நான் கூடப் போவேன், ஆனால் உள்ளே போக மாட்டேன். வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுவேன். பயம்தான், வேறென்ன?

கல்வராயன் மலையில் ஒரு காலத்தில் வரி வாங்கி ஆண்ட குடும்பங்களுக்கு மலைச்சனங்கள் கூலியில்லாமல் உழைத்ததைப் பற்றி ஒருமுறை எழுதினார். அப்படியொரு குடும்பத்துப் பேரனிடமே அதை வாசிக்க மலையேறினோம். உள்ளே சத்தம் கேட்டது. இன்றைக்கு அடி விழாமல் இறங்க மாட்டோம் என்று நினைத்து நான் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். ரொம்ப நேரம் கழித்து சவரி சிரித்துக்கொண்டே வந்தார். "மொதல்ல வாய்க்கு வந்தபடி திட்டினாரு. அப்பால, 'கம்மியா எழுதிட்டீங்க சார், அவுங்க பட்டது இதுக்கும் ஜாஸ்தி'ன்னு அவங்க தாத்தா சொன்னத எல்லாம் சொன்னாரு." கட்டுரை இரண்டு பக்கம் நீண்டது.

கடைசிக் கட்டுரை அவருடைய சொந்த மாதா கோயிலைப் பற்றியது. அவர்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. செத்த பிறகும் இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம். அந்தச் சுவரை யார், எந்தச் சண்டைக்குப் பின் எழுப்பினார்கள் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்ட, அந்தப் பக்கத்துச் சாதிக்காரரான கோயில் கமிட்டித் தலைவரிடம் தேதியும் கேட்டு வாங்கியிருந்தார். அந்த நாள் வருவதற்குள் போய்விட்டார்.

தலைவர் சாவு வீட்டுக்கு வந்தார். மாலை போட்டார். அழுதார்; பொய்யழுகை இல்லை, இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிறகு லூர்துமேரியையும் என்னையும் ஓரமாக அழைத்தார். "சவரிக்கு ஒரு மரியாதையா, எங்க பக்கமே அடக்கம் பண்ணலாம்மா. நான் பேசிக்கிறேன். அந்தக் கட்டுரை மட்டும் வாணாம்."

உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. அந்தப் பக்கம் அவருக்கு ஒரு குழி கிடைத்தாலே ஜெயித்த மாதிரிதானே என்று தோன்றியது. லூர்துமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவுர அங்க வெச்சிட்டு, நாளைக்கி நான் பூட்டா என்ன எங்கங்க வெப்பீங்க?" லூர்துமேரியே தொடர்ந்தார்: "எங்க மாமனாரு, மாமியாரு எல்லாரும் இந்தப் பக்கந்தான் இருக்காங்க. அவுரும் இங்கியே இருக்கட்டும். செவுத்த இடிச்சிட்டு வந்து மரியாதை பண்ணுங்க." சாயந்தரம் இந்தப் பக்கமே அடக்கம் நடந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வரி விடாமல் வாசித்தேன். சாவு வீட்டில் அவர் பேசிய பேரத்தை என் பங்காக ஒரு பத்தி எழுதிச் சேர்த்திருந்தேன், அதையும் வாசித்தேன். "இத அச்சுல போட்டா என் வூட்டு வாசப்படி மிதிக்காதே" என்றார். "இதழ் வந்ததும் உங்க பிரதியோட வருவேன். கதவத் தெறக்கறதும் தெறக்காததும் உங்க இஷ்டங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நேரே அச்சகத்துக்குப் போய்க் கட்டுரையைக் கொடுத்தேன்.

சவரியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த ஒரு பழக்கம்தான். கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, இனி விடுவதாக இல்லை. வருகிற ஞாயிறு இரங்கல் கூட்டத்தில் சுவரைப் பற்றிப் பேச வேண்டாம், அவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுங்கள் என்று நாலைந்து பேர் போன் செய்து சொல்கிறார்கள். அவர் செய்ததிலேயே நல்லது அதுதான் ஐயா. அதைத்தான் பேசப்போகிறேன். பிடிக்காதவர்கள் பின்னால் நின்று முணுமுணுக்க வேண்டாம். முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன், வந்து உட்காருங்கள்.